தர்பூசணி வெட்டிய கை

அருண், இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அஜ்மான் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ் இந்த அளவுக்குப் போதும். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது வரியிலேயே மனதுக்குள் எனக்குப் பதில் தயாரிக்க ஆரம்பித்துவிடுவாய். இப்போது உன் வேலையே அதுதானே. வீட்டு விஷயத்தை எதற்குப் பத்திரிகைக்குக் கொடுக்கிறாள் என்று கோபப்படுவாய். முதலில் உன்னிடம்தான் சொன்னேன். ஒருமுறை வாதாடினாய். அதற்குப் பிறகு நான் பேச்சை எடுத்தாலே "அம்மா, மீட்டிங்" என்று ஃபோனை வைத்துவிடுகிறாய். உன் அப்பா, "வேலைதானே பார்க்கிறான், விட்டுடு" என்கிறார். விட முடியவில்லை. நீ என்னிடம் கேட்ட உதவி அப்படிப்பட்டது.

குடும்ப குரூப்பில் நீ போட்ட படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜனாதிபதி மாளிகைப் படிக்கட்டில் உன் பாஸ், அந்த ஆள், நடுவில் நிற்கிறார், நீ பக்கத்தில். இரண்டு பேரும் வலது உள்ளங்கையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு முஷ்டியை உயர்த்தியிருக்கிறீர்கள். கீழே, பாஸ் என் கல்யாணத்துக்கு வருகிறார், அரசு விருந்தினர் மாளிகையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். சித்தப்பா, மாமா எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நீயே கூப்பிட்டாய். "அம்மா, பாஸ் பொண்ணு லீனாவோட டியூஷன் டீச்சர் எங்கம்மாதான்னு அவர்கிட்ட சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்காம்! காய தினத்துக்கு ஒரு படம் பண்றோம். அன்னிக்கு நீ அந்த வீட்டுல இருந்திருக்க. கேமரா முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். ஸ்க்ரிப்ட் நானே எழுதித் தரேன்" என்றாய். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். பரீட்சையில் முதலிடம் வந்ததைச் சொல்வதுபோல.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ வேலை செய்யும் அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே காய தினம் என்பது பள்ளிக்கூட விடுமுறை. இப்போதைய ஜனாதிபதி, நாட்டைவிட்டு வெளியே துபாயில் இருந்தபோது, வெளிநாட்டுக் கொலைகாரன் ஒருவன் வீடு புகுந்து கத்தியால் அவரைக் குத்த வந்தானாம். அவர் வெறுங்கையால் கத்தியைப் பிடித்து நிறுத்தினாராம். கட்டுப்போட்ட அந்த முஷ்டிதான் அவர் கட்சியின் சின்னம். கொடியில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குழந்தைகள் அன்றைக்குக் கையில் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். அதற்குத்தான் நான் சாட்சி சொல்லவேண்டும் என்று கேட்டாய். சரி அருண், சொல்கிறேன். உன் ஸ்க்ரிப்ட் இல்லாமல் சொல்கிறேன்.

அப்போது அப்பா சவூதியில், ஜுபைலில், ரசாயன ஆலையில் வேலையாக இருந்தார். லீவு கிடைத்தால் வருவார். நீயும் நானும் அஜ்மானில் இருந்தோம். பள்ளிக்கூடம் முடிந்து உன்னைப் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு நான் துபாய்க்குப் பஸ் ஏறுவேன். கடற்கரைப் பக்கம் அந்த ஆளின் வில்லா. அவர் மகள் லீனாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை. முதல் சில வாரங்கள் எனக்கு அவரைப் பிடிக்கவே செய்தது. நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். "உங்கள் மகனுக்குப் பரீட்சை எப்படிப் போனது?" என்று கேட்பார், போன வாரம் நான் சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்பார். பேசும்போது வேறெங்கும் பார்க்கமாட்டார். உன்னை எப்படி வளைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மேடையில் அவர் சொல்லும் பிறப்புக் கதை உனக்கு மனப்பாடமாக இருக்கும். படகுத்துறையில் மூட்டை தூக்கியவரின் மகன், பசியோடு வளர்ந்தவர், மேல்தட்டு மனிதர்கள் மிதித்துத் தள்ளிய சாதாரண மனிதன். லீனா ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எனக்கு வீட்டு ஆல்பத்தைக் காட்டினாள். தாத்தா வெள்ளை சூட்டில், குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் படகுத்துறை. அது மொத்தமும் அவருக்குச் சொந்தம். மூட்டை தூக்கியவர்கள் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். "அப்பா டிவியில் வேறு மாதிரி சொல்கிறாரே" என்று அந்தக் குழந்தை என்னிடம் கேட்டது. அவர் முதலில் டிவியில்தான் இருந்தார். போட்டி நிகழ்ச்சி நடத்துவார். தோற்றவர்களை அழவைப்பார், அழும் முகத்தைக் கேமரா விடாமல் காட்டும், அதற்காகவே நாடு முழுக்கப் பார்த்தது. பிறகு ஒரு துறைமுக நகரத்துக்கு மேயரானார். அங்கே பிழைக்க வந்திருந்த வெளிநாட்டு ஏழைகளின் குடிசைகளை நேரலையில் இடித்தார். புல்டோசரில் அவரே ஏறி உட்கார்ந்து ஒரு சுவரைத் தள்ளினார். கேமரா போனதும் இறங்கிவிட்டார். மிச்சத்தை டிரைவர்கள் இடித்தார்கள். உள்ளே படுத்திருந்த ஒரு முதியவர் செத்துப்போனார். வழக்கு வந்தது, தீர்ப்பு வருவதற்குள் குடும்பத்தோடு துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். அதற்குத் தலைவரின் அஞ்ஞாதவாசம் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

அந்த அஞ்ஞாதவாச வீட்டை நடத்தியவர்கள் யார் தெரியுமா? அவர் தினமும் திட்டித் தீர்த்த வெளிநாட்டுக்காரர்கள். பிலிப்பைன்ஸ் ஆயா, பெஷாவர் டிரைவர், கணக்கு டீச்சராக நான், சமையலுக்குக் கீழக்கரை ஜமால் அண்ணன். மாடியறையில் கேமரா முன்னால் உட்கார்ந்து, "அந்நியர்கள் நம் சோற்றைத் தின்கிறார்கள்" என்று தன் நாட்டுக்கு முழங்குவார். முழங்கி முடித்ததும் மாடியிலிருந்தே, "ஜமால், என் சாப்பாடு எங்கே?" என்று கத்துவார். ஜமால் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "தங்கச்சி, அவரு சோத்த நான் திங்கிறேனா, எஞ்சோத்த அவரு திங்கிறாரான்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்பார். உனக்கென்று டப்பாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலப்பம் வைத்துக் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். நீ டப்பாவை வழித்து நக்குவாய்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் அந்த ஆளின் நாட்டுத் தொழிலாளிகள் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து அவரைப் பார்க்க வருவார்கள். சைட்டில் வெயிலில் கருகியவர்கள், இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நான் ஒருமுறை பார்த்தேன். அவர் ஓடிப்போய் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார், அழுதார், உண்மையான கண்ணீர். ஒரு வயசாளி ஊர் ஊறுகாய் ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தார். அந்த ஆள் அதைக் கேமராவுக்குக் காட்டி, முத்தமிட்டு, மார்போடு அணைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து உள்ளே வந்தார். சமையலறைக் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். "என்ன நாற்றம்! இந்த நாய்களுக்குக் குளிக்கத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஜாடியைக் காலால் குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளினார். சட்டையைக் கழற்றி ஆயாவிடம் நீட்டி, துவைக்கவேண்டாம், எறிந்துவிடு என்றார். வெளியே அவர்கள் பஸ்ஸுக்கு நடந்துபோகிற வழியில் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னால் எனக்கு உடம்பு கூசும்.

இனி அந்தக் காயம். ஒரு சாயங்காலம் நானும் லீனாவும் சமையலறை மேசையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஜமால் அண்ணன் ஒரு பெரிய தர்பூசணியை வெட்ட எடுத்துவைத்திருந்தார். அந்த ஆள் உள்ளே வந்தார், நல்ல உற்சாகத்தில் இருந்தார். "பார் லீனா, ஒரே வெட்டு" என்று கத்தியைப் பிடுங்கினார். "சார், வழுக்கும், நான் வெட்டுறேன்" என்று ஜமால் அண்ணன் சொல்லச்சொல்லக் கேட்காமல் ஓங்கினார். பழம் உருண்டது, கத்தி அவர் உள்ளங்கையில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு அலறல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜமால் அண்ணன்தான் பாய்ந்து அந்தக் கையைத் தூக்கிப்பிடித்து, பாத்திரம் துடைக்கும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினார். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல" என்று அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு காருக்குக் கூட்டிப்போனார். கிளினிக்கில் தையல் போட்டார்கள். நான் லீனாவின் முகத்தைக் கழுவிவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது, அருண். உங்கள் கொடியில் இருப்பது அந்தப் பாத்திரத் துணி.

அடுத்த வகுப்புக்குப் போனபோது லீனா பென்சிலைத் தொடவில்லை. "டீச்சர், கெட்ட மனிதன் ஒருவன் வந்தான் என்று நான் சொல்லவேண்டுமாம். அப்பா சொல்லிக்கொடுத்தார். நீங்களும் அப்படித்தான் சொல்லவேண்டுமா?" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கிளினிக்கிலிருந்து வந்ததும் நேரே மாடிக்குப் போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கட்டிய கையை உயர்த்தி, "என்னைக் கொல்ல ஒரு அந்நியனை அனுப்பினார்கள்" என்று பேசியிருக்கிறார். அவர் நாடே தெருவுக்கு வந்துவிட்டது. இங்கே போலீசில் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனி. கொடுத்தால் விசாரிப்பார்கள். அந்தப் பொய் ஏற்றுமதிக்கு மட்டும். பெயர் எதையும் அவர் சொல்லவில்லைதான். ஆனால் பழைய வீடியோ ஒன்றில் பின்னால் தட்டோடு நடந்துபோன ஜமால் அண்ணனை யாரோ கண்டுபிடித்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இவன்தான் என்று பரப்பிவிட்டார்கள். தாடி இருந்தது, தொப்பி இருந்தது, வேறென்ன வேண்டும்?

நான் மாடிக்குப் போனேன். "சார், ஜமால் உங்களைக் காப்பாற்றினார். கத்தி எடுத்தது அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் எழுந்து நின்றார், வழக்கம்போல. சிரித்தார். "டீச்சர், ஒரு தலைவர் தர்பூசணியால் காயப்பட்டார் என்று ஜனங்களிடம் சொல்லவா? அவர்கள் பாவம் இல்லையா?" என்றார். "பாவம் ஜமால்" என்றேன். "சமையல்காரன் வேறு கிடைப்பான்" என்றார். கட்டுப்போட்ட கையாலேயே என் தோளைத் தட்ட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். கீழே வந்து லீனாவை அணைத்துக்கொண்டு, "நீ பார்த்ததை நீ பார்த்தாய். அதை யாரும் மாற்ற முடியாது" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை. அவர் நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் ஜெயித்த பிறகு அந்தப் பத்திரிகையே இல்லை.

ஜமால் அண்ணனின் விசாவைக் கேன்சல் செய்து, கலாஸ், முடிந்தது, கிளம்பு என்றுவிட்டார்கள். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். யாரையோ பிடித்து ரியாத்தில், பத்தா என்ற கடைத்தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். அங்கே அந்த ஆளின் நாட்டுத் தொழிலாளிகளும் சாப்பிட வருவார்கள். ஒருவன் அடையாளம் கண்டுவிட்டான். கடை வாசலில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். இவர், "பழம் வெட்டும்போது பட்டது, பாய், பழம் வெட்டும்போது பட்டது" என்று இந்தியில் கத்தியிருக்கிறார். அடித்தவர்களுக்கு இந்தி அரைகுறை, அவர் ஏதோ ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அடித்தார்களாம். வலது காது போய்விட்டது. அந்த ஆளை ஊறுகாயோடு பார்க்க வந்தார்களே, அதே மாதிரி கருகிப்போன மனிதர்கள்தான். அவர்களையும் நாசமாக்கி, இவரையும் நாசமாக்கி, நடுவில் அந்தக் கை மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

மேலே போன கதை உனக்குத் தெரிந்ததுதான். கையில் கட்டோடுதான் ஊர் திரும்பினார். காயம் ஆறி எவ்வளவோ காலம் ஆகியிருந்தும் துணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கினார். மண்ணை முத்தமிட்டார். தேர்தலில் ஜெயித்தார். அவர்மேல் இருந்த வழக்கை விசாரித்த நீதிபதியின் பதவி போனது. பிழைக்க வந்தவர்களை லாரிகளில் ஏற்றி எல்லையில் தள்ளினார்கள். குழந்தைகள் தனி லாரி, அப்பா அம்மா தனி லாரி. எதிர்த்துக் கேட்டவர்களுக்குத் துரோகி என்று பெயர். அவரே மறுபடி மறுபடி நிற்க வசதியாகச் சட்டத்தை மாற்றிக்கொண்டார். இதையெல்லாம் டிவியில் பார்க்கும்போது நான் சேனலை மாற்றிவிடுவேன். எங்கோ தூரத்து நாடு, எவனோ ஒரு கேடுகெட்டவன் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே வளர்ந்து விளம்பரக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைத் தேடி அவன் ஆட்கள் வருவார்கள், அதில் என் பிள்ளையையும் பொறுக்குவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒன்று யோசித்துப் பார். நீயும் அங்கே பிழைக்கப்போனவன்தான். உனக்கு அங்கே லாரி வராததற்குக் காரணம், லாரியின்மேல் எழுதும் வாசகத்தை நீ எழுதித் தருகிறாய்.

இதையெல்லாம் ஃபோனில் சொன்னபோது நீ அதிர்ந்துபோவாய் என்று எதிர்பார்த்தேன். நீ "தெரியும்மா" என்றாய். "டீம்ல பாதிப் பேருக்குத் தெரியும். அது நடந்துச்சா இல்லையாங்கறது இப்ப மேட்டரே இல்ல. இத்தனை ஜனங்க அத நம்பி எழுந்து நிக்கறாங்க. அந்த ஃபீலிங் உண்மைம்மா." அந்த ஆளிடம் எனக்கு அருவருப்பு பழகிவிட்டது, அருண். அவர் குரலில் கேட்டால் காறித் துப்பிவிட்டுப் போய்விடுவேன். உன் குரலில் கேட்டேன். நான் பெற்று, காய்ச்சலில் கண்விழித்து, பேசக் கற்றுக்கொடுத்த வாய். இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. அப்பா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

போன மாதம் உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஊருக்குப் போனேனே, அப்போது கீழக்கரைக்கும் போனேன். ஜமால் அண்ணன் இடது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். "ஆறலம்மா. டிவில அவன் மூஞ்சி வந்தா எம் பொண்டாட்டி ஓடியாந்து ஆஃப் பண்ணிருவா, நான் ரிமோட்ட எறிஞ்சிருவேன்னு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுகூடப் பரவாயில்ல தங்கச்சி. சின்ன மருமவன் போன பெருநாளைக்கு வந்திருந்தான். 'மாமா, சும்மா சொல்லுங்க, நெசமாவே கத்தி எடுத்தீங்களா?'ன்னு கேக்குறான். எம்மவ அவன் பக்கத்துலதான் நிக்கிறா. அவளும் எம் மூஞ்சியத்தான் பாக்குறா." அவர் அழவில்லை. கைலி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அங்கன நீங்க இருந்தீங்கள்ல. நாலு பேருக்குத் தெரியிற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. அது போதும்" என்றார். உன்னைப் பற்றி நான் சொல்லவில்லை. எம்பிள்ளை அவனிடம்தான் வேலை பார்க்கிறான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாசல்வரை வந்து, "தம்பி நல்லாருக்காரா?" என்று கேட்டார். நல்லா இருக்கான் அண்ணே என்றேன்.

திரும்பி வந்ததும் எழுத உட்கார்ந்தேன். நிவேதாவிடம் முதலில் படித்துக்காட்டினேன், அவளுக்கும் இதில் வாழ்க்கை இருக்கிறதே. நீ கட்டிக்கொள்ளப்போகிறவள் கடைசி வரிவரை கேட்டாள். "அத்தை, இப்பல்லாம் அவன் என்கிட்ட பேசறப்பகூட மேடையில நின்னு பேசற மாதிரியே பேசறான். நீங்க போடுங்க" என்றாள். அந்த மாளிகையில் அவள் மாலை மாற்றிக்கொள்ளமாட்டாளாம். வேறு எங்கே வேண்டுமானாலும் சரி என்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். அந்த ஆள் அட்சதை போடும் மேடையில் நான் நிற்கமாட்டேன். இங்கே அஜ்மானில் ஒரு சின்ன ஹால் பிடித்து வைத்தால், வாசலில் நின்று பன்னீர் தெளிப்பதிலிருந்து பந்தி பரிமாறுவதுவரை நானே செய்வேன்.

இது அச்சில் வந்தால் உன் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறேன். அதற்காக நீ எத்தனை வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவர்கள் கை உன்மேல் படுவதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் நீ கல்யாணப் பத்திரிகை வைக்க இங்கே வந்திருக்கும் வாரம்வரை காத்திருந்து கொடுத்தேன். நீ இதைப் படிக்கும்போது நம் வீட்டில், எங்கள் கண்ணெதிரே இருப்பாய். சீக்கிரமே உன் ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும். எடு. உன் அம்மா சொல்வது பொய்தானே என்றுதான் முதலில் கேட்பார்கள். நீ என்ன பதில் சொல்கிறாய் என்று நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா